நீல டிரம்மில் இருக்கும் முடிவு

1

இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றவில்லை. கேட்டு வாங்கினார்கள். செஞ்சியில் ஏரிகளைக் காப்பதற்கென்று ஒரு சங்கம் இருக்கிறது. கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்ப்பவர்கள் பொறுப்போடு நடந்துகொள்வது பற்றி ஆண்டு மலருக்குக் கதை வேண்டும் என்றார் அதன் தலைவர். இரண்டு பக்கம். கடைசியில் கருத்து கட்டாயம். எதிர்ப்பக்கத்தில் அவருடைய படம்.*

* போன வருட விழாவில் ஒரு பை நிறைய வண்ண மீன்களைக் கேமராவைப் பார்த்தபடி ஏரியில் விட்டவர் இவர்தான். அந்தப் படமாகத்தான் இருக்கும்.

2

முதல் தொடக்கம்: "வரலாற்றின் சுமையைத் தாங்கியபடி ராஜகிரிக் கோட்டை அந்தி வெயிலில்..."

(வேண்டாம். இந்த ஊரில் பேனா பிடித்த எல்லோரும் அந்தக் கோட்டையைத் தூக்கி முதல் வரியில் வைத்திருக்கிறோம். அது கொஞ்சம் இளைப்பாறட்டும்.)

இரண்டாம் தொடக்கம்: நேமிகுமாருக்கு பி.பி.

இது பரவாயில்லை. உண்மையும்கூட. நேமி என்னோடு பள்ளியில் படித்தவன். சமணன். நிலத்தில் வேர்க்கடலை போடுகிறான். விளக்கில் விழும் பூச்சி சோற்றில் விழுந்து சாகக் கூடாது என்று பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடுவான். மீன் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தால் மனசு அடங்கும் என்று டாக்டர் சொல்ல, கடைத்தெருவில் பீமாராவ் கடையில் இரண்டடித் தொட்டி வாங்கினான். கண்ணாடியில் படியும் பாசியைத் தின்னும் என்று பீமாராவ் விரல் நீளத்தில் இரண்டு சக்கர் மீன்களையும் பிடித்துக் கொடுத்தார். அவை எவ்வளவு வளரும் என்று இவன் கேட்கவில்லை, அவர் சொல்லவில்லை. ஒரே வருடத்தில் முழங்கை நீளம். திரும்பிப் படுக்கக்கூட இடமில்லாமல் அவை கிடந்ததைப் பார்த்துப் பார்த்து நேமிக்கு பி.பி. ஏறியது.

3

இரண்டில் ஒன்றை அவன் ஏரியில் விட்டான். தொல்லை தீர்ந்தால் போதும் என்று விடவில்லை. ஓர் உயிருக்கு அபயம் தருவது அவர்கள் வீட்டில் பெரிய புண்ணியம். குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, மனைவி பிரம்மியையும் கூட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டு வந்தான்.

(இந்த இடத்தில் பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம். இவ்வளவு நல்லவன் நையாண்டிக்கு உதவ மாட்டான். "அவனுக்குள் ஒரு விளம்பர ஆசை..." என்று எழுதிப் பார்த்தேன். ஒட்டவில்லை.)

அது நடந்து இரண்டு வருடம். போன மாதம் அதே ஏரிக்கரையில், மீன் பிடிக்கக் குத்தகை எடுத்திருக்கும் சேரன் கிழிந்த வலையை உதறிக்கொண்டிருந்தார். கெண்டை விழ வேண்டிய வலை. கரையில் கிடந்த பதினாறும் சக்கர் மீன்கள்.

"இன்னாபா, உயிரோட தூக்கிப் போட்டுட்ட?" என்றான் நேமி.

"பின்ன, திரும்ப உள்ள வுட சொல்றியா நைனாரே? கரையெல்லாம் வளை தோண்டி வச்சிருக்குது. மத்த மீனு முட்டைய வுட்டு வைக்கிறதில்ல. எவனோ ஒரு தர்மப்பிரபு கொண்டாந்து வுட்டிருக்கான். அவன் கைல குடுக்கணும் இந்த வலைய, தச்சுக் குடுறான்னு."

தண்ணீருக்கு வெளியேயும் அந்த மீன்கள் மணிக்கணக்கில் உயிரோடு கிடக்கும். நேமி அவற்றை ஏரியில் எடுத்துப் போடவில்லை. விட்டுவிட்டுப் போகவும் இல்லை. உச்சி வெயிலில் தன் குடையை விரித்து அவற்றின் மேல் பிடித்தபடி, கடைசி மீனின் செவுள் நிற்கும்வரை நின்றான். முதலில் சிரித்த சேரன் பிறகு வலையைச் சுருட்டிக்கொண்டு தள்ளிப் போய்விட்டாராம்.*

* நிழல் கொடுத்ததில் அவற்றின் வேதனை நீண்டதா என்று நான் அவனிடம் கேட்கவில்லை. கேட்கக்கூடிய ஆள்தான் நான். கேட்கவில்லை.

ஒற்றை மீன் குடும்பம் நடத்த முடியாது, அதனால் குற்றம் உன்னுடையது மட்டுமல்ல என்று ஆறுதல் சொன்னேன்.

"அப்ப செஞ்சியில எரக்கப்பட்டவன் நான் ஒருத்தன் மட்டும் இல்லன்ற" என்றான்.

4

தொட்டியில் இரண்டாவது மீன் இருக்கிறது. அதற்கு ஒரு முடிவு வேண்டும்.

முடிவு ஒன்று: கடையில் திருப்பித் தருகிறான். பீமாராவிடம் விசாரித்தேன். "பின்னாடி வந்து பாரு சார், ஏற்கெனவே ஆறு கெடக்குது. வாங்கிட்டுப் போறப்ப விரல் சைசு, கொண்டாரப்ப கை சைசு. இனிமே அத விக்கிறதே இல்லன்னு வுட்டுட்டேன்."

முடிவு இரண்டு: கிராம்பு எண்ணெய். பார்த்து அளந்து கலந்தால் மீன் மயங்கி, அப்படியே அடங்கிவிடும் என்கிறார்கள். எழுதவும் சுலபம், ஒரு பத்தி. எழுதியே விட்டேன். அதைப் படித்துவிட்டு பிரம்மி தாளைத் திருப்பித் தந்தாள்.

"கதைதானேம்மா" என்றேன்.

"மனசால நெனச்சாலே பாவம்ண்ணா எங்களுக்கு. நீங்க உக்காந்து, யோசிச்சு, ரெண்டு எடத்துல அடிச்சுத் திருத்தி வேற வச்சிருக்கீங்க."

முடிவு மூன்று: கொல்லையில் எட்டடிக்கு சிமெண்டுத் தொட்டி கட்டி, மீன் தானாகச் சாகும்வரை வைத்துக்கொள்வது. பத்துப் பதினைந்து வருடம் ஆகலாம். சுவாரசியமே இல்லாத முடிவு. புண்ணியம் கிடையாது, படம் எடுக்க ஆள் வராது. நேமி இதைத்தான் எடுத்துக்கொண்டான்.

"சமையல்கட்டுல ஒரு மேடை கேட்டு பத்து வருஷமாவுது" என்றாள் பிரம்மி. "மீனுக்குன்னா மறுநாளே கொத்தனார் வந்துட்டார்."

கதை இங்கேயே முடிந்திருக்க வேண்டும். ஆனால் புதுச் சிமெண்டின் காரம் போக மூன்று வாரம் தண்ணீரை மாற்றி மாற்றி ஊற வைக்க வேண்டும். அதற்குள் பழைய கண்ணாடித் தொட்டி ஒழுக ஆரம்பித்தது. நேமி ஆட்டோவில் ஒரு நீல டிரம்மோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"முடிவு எழுதறவன் நீதான? அதுவரைக்கும் நீயே வச்சிக்க."

5

இப்போது மதியம் மூன்று மணி. வீட்டில் நான் மட்டும். மழை. டிரம் பின்பக்கம், கூரைத் தண்ணீர் கொட்டும் இடத்தில் இருக்கிறது. வைத்தவன் நான். நகர்த்த முடியாத கனம். விளிம்புக்கு இன்னும் நான்கு விரல்தான். வழிந்தால் வாய்க்கால். வாய்க்கால் போவது ஏரிக்கு.

ஆக, நான்காவது முடிவு தானாகவே வந்துகொண்டிருக்கிறது. நான் எழுந்திருக்கக்கூட வேண்டாம். நேமி விடவில்லை, நான் விடவில்லை, மழை விட்டது. யாருக்கும் பாவமில்லை. எதிர்ப்பக்கத்துப் படத்துக்கும் பொருத்தம். இருபது வருடத்தில் இவ்வளவு கச்சிதமான முடிவு எனக்கு வாய்த்ததில்லை.

மீன் மேலே வந்து ஒரு வாய் காற்று வாங்கிவிட்டுப் போகிறது.

அந்த வெயிலில் நேமிகுமார் நின்றது எதற்கென்றால்...

(இந்த வாக்கியத்தை முடிக்க நேரமில்லை.)

டிரம் பக்கத்தில் நிற்கிறேன். ஒரு கையில் டிரம்முக்கு மேல் விரித்த குடை, ஒரு கையில் பேனா. தாள் நனைகிறது. மூன்று விரல். தலைவர் கேட்ட கருத்து என்று எதுவும் நினைவுக்கு வரவில்லை. டிரம்மின் மூடி பரணில் இருக்கிறது. குடையை விட்டுவிட்டு நான் போக முடியாது.

நீங்கள் இவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள். இந்தாருங்கள், இதைக் கொஞ்சம் பிடியுங்கள். சாய்க்காமல். நான் வரும்வரை போய்விடாதீர்கள்.