அரக்கு வச்ச பின்கதவு

சொல்றதுக்கே எரிச்சலா வருது. மடுகரை ரோட்டுல எங்க கூட்டுறவு சங்கத்து ஆபீசு. அங்க பெருக்கித் தண்ணி வைக்கிறவ நான், காசம்மா. முன்னாடி அது சுங்கச்சாவடி. பிரெஞ்சுக்காரன் போறப்ப பின்கதவுக்கு வெளியில பூட்டுப் போட்டு, கயிறு கட்டி, செவப்பு அரக்கு வச்சுட்டுப் போயிட்டான். நாலு வருசமா யாரும் தொடல.

தீப்புடிச்சா யார் இன்னா செய்யணும்னு எழுதச் சொல்லி மேலேர்ந்து தாளு வந்துச்சு. செக்ரட்டரி ஏகநாதன் அய்யா ரெண்டு நாளு உக்காந்து எழுதினாரு. மணல் வாளி நாலு, தண்ணிக் குடம் ரெண்டு. நகல் எழுதுற சுப்பராயலுக்கு ஒரு காலு வெளங்காது, அதனால அவரு பின்கதவால போவணுமாம்.

"அது தொறக்காதே அய்யா"ன்னேன்.

"லெட்டர் போட்ருக்கேன், நீ வாயை மூடு"ன்னாரு.

பதிலும் வந்துச்சு. ஊரு இந்தியாவோட சேந்துட்டாலும் பேப்பர்ல முழுசா கைமாறலையாம். அதுவரைக்கும் அரக்கைத் தொட்டா வேலை போவுமாம். சுப்பராயலு சிரிச்சாரு. "என்னைத் தூக்கினு ஓடு காசம்மா, வெயிட்டு கம்மிதான்." "ஆமா, எனக்கு வேற வேலையில்ல பாரு"ன்னேன். பாழாப்போன வாயி.

சித்திரை மாசம், மத்தியானம். முன்வாசல்ல டீ ஸ்டவ் வெடிச்சு சாக்குக் கட்டுல புடிச்சுக்கிச்சு. நாலு வாளி மணலையும் கொட்டினோம், பத்தல. செக்ரட்டரி, பியூன் பக்கிரிசாமி, நான், மூணு பேரும் வெளியில ஓடியாந்துட்டோம். சுப்பராயலு உள்ளயே மாட்டிக்கினாரு.

பின்பக்கம் ஓடினோம். உள்ளேர்ந்து தட்டுறாரு. "தொறங்கப்பா! பொகை அடைக்குது!"

செக்ரட்டரி, "கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசரைக் கூட்டியாறேன், அவரு சொல்லட்டும்"னு சைக்கிளை எடுத்துனு போயிட்டாரு. பக்கிரிசாமி கடப்பாரையை எடுத்தான். அரக்கைப் பாத்தான். "எனக்கு அஞ்சு புள்ளைங்கடி"ன்னு கீழ வச்சுட்டு அழுதான்.

நான் மட்டும் இன்னா கிழிச்சேன்? நானுந்தான் நின்னேன். "தோ வந்துடுவாங்க அய்யா, தோ வந்துடுவாங்க"ன்னு கத்தினேன். அவரு தட்டினது மெதுவாச்சு. அப்புறம் நின்னுபோச்சு.

அப்பத்தான் எனக்கு வெறி வந்துச்சு. பூட்டைப் பாக்கல, அரக்கைப் பாக்கல, காலைத் தூக்கி ஒதைச்சேன். கரையான் தின்ன கதவு. அப்படியே உள்பக்கம் சாஞ்சு அவரு மேலயே விழுந்துச்சு. அவரு அசையல.

ஒரே ஒதைதாங்க.