மெரூன் பனியன்

குறை காண்பதற்கென்றே கூலி வாங்குகிறவள் அனுசுயா. அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியின் செக்கிங் மேசையில் ஒன்பது ஆண்டுகளாக நிற்கிறாள். விட்டுப்போன தையல், ஊசி கிழித்த ஓட்டை, எண்ணெய்ப் பொட்டு என்று எதுவும் அவள் விரலைத் தாண்டிப் பெட்டிக்குள் போனதில்லை. அப்படிப்பட்டவள், தன் கையாலேயே தைத்து மாட்டிய ஒரு பனியனில் உயிரைக் குடிக்கும் குறை ஒன்று ஊறிக்கொண்டிருப்பதை அறியாமல், அந்தப் புதன்கிழமை காலை எட்டரை மணிக்கு வேலைக்கு வந்து நின்றாள்.

அந்தப் பனியனை அணிந்திருந்தது மனிதரல்ல. செவலை என்னும் நாய்.

ஏழு ஆண்டுகளுக்கு முன், லாரி ஓட்டும் அவள் கணவன் காசிமாயன் தேனிப் பக்கத்திலிருந்து மடியில் வைத்துக் கொண்டுவந்த குட்டி அது. கோம்பை இனம், செம்பழுப்பு உடல், கரிய வாய். துணிப்பெட்டிகளை ஏற்றிக்கொண்டு அவன் தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போய்விடும் நாள்களில் அவளுக்குத் துணை செவலைதான்.

இரண்டு மாதங்களுக்கு முன் அதன் வலது முன்னங்கால் வீங்கியது. சுளுக்கு என்றார்கள், பற்றுப் போட்டார்கள். வீக்கம் கல்லாக இறுகிய பிறகுதான் எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பில் புற்றுநோய்.

"காலை எடுத்துட்டா வலி போயிரும். அப்புறம் மருந்து ஏத்தலாம். ஒரு வருஷம் ஓடலாம், அதுக்கு மேலயும் ஓடலாம். எடுக்கலைன்னா அது வைக்கிற ஒவ்வொரு அடியும் வலிதான்" என்றார் மருத்துவர் மாதவன்.

கால் வேண்டுமா, நாய் வேண்டுமா என்று கேட்டால் விடை சொல்வதற்கு என்ன தயக்கம்? சனிக்கிழமை தோளோடு கால் எடுக்கப்பட்டது. திங்களன்று செவலை மூன்று காலோடு வீடு திரும்பியது.

அனுப்பும்போது மருத்துவர் அழுத்திச் சொன்னார். தையல் நனையக்கூடாது, அதில் நாக்குப் படக்கூடாது, வழுக்கி விழவே கூடாது. மேலே பருத்திப் பனியன் போட்டு மூடலாம். ஆனால் வெள்ளையாகப் போட வேண்டும்; கசிந்தால் கசிந்த நொடியில் தெரிய வேண்டும். கோம்பைக்கு ஈறு கறுப்பாக இருப்பதால் இரத்தம் குறைந்தாலும் அதில் தெரியாது. சந்தேகம் வந்தால் கீழிமையை இழுத்து உட்புறத்தின் நிறத்தைப் பார்க்க வேண்டும்.

அனுசுயா வெள்ளைத் துணியில் ஒரு பக்கக் கையை அடைத்துப் பனியன் தைத்தாள். செவலைக்கு அது பொருந்தியது. பொருந்தாமல் போனது வீட்டுக்காரம்மாவுக்கு.

சாரதாமணியின் பெரிய வீட்டுக்குப் பின்னால் வரிசையாக நான்கு அறைகள். கடைசி அறை அனுசுயாவுடையது. செவ்வாய் மதியம் காசிமாயன் லாரியில் ஏறிப் போனான்; மாலையில் சாரதாமணி அறை வாசலுக்கு வந்தாள்.

"ஏனுங் கண்ணு, நாளைக்கு நம்ம ஜனனிக்குப் பூ வெக்க வர்றாங்க. சொல்லியிருந்தனில்லீங்க?"

"சொன்னீங்கம்மா. நல்லபடியா நடக்கட்டுங்க."

"நடக்கோணும்னுதான் சாமியக் கும்புட்டுட்டிருக்கறேன். நான் ஒண்ணும் தப்பாச் சொல்லலீங்க. பாவம், வாயில்லாச் சீவன். ஆனாப் பாருங்க, மூணு காலோட, வெள்ளத்துணியச் சுத்தி, பொணத்தக் கட்டி வெச்சாப்பல இருக்குது. மாப்பள ஊட்டுக்காரங்க வந்ததும் இது மொகத்துலதான் முழிக்கோணுமுங்களா?"

"உள்ளயேதாங்க வச்சிருப்பேன்."

"ஒண்ணுக்கு ரெண்டுக்கு வெளிய வந்துதான ஆகோணும்? நாயத் தொரத்துங்கன்னு நான் சொல்லுவனா? அந்த வெள்ளைய மட்டும் மாத்தி, நல்ல நெறமா ஒண்ணு போட்டுடுங்க. பனியன் கம்பெனில இருக்கறவிய, உங்களுக்குத் துணிக்கா பஞ்சம்?"

சிரித்துக்கொண்டே சொன்னாள். பணிவில் குழைத்துக் கொடுத்தால் கட்டளையும் உபசாரமாகவே காதில் விழுகிறது. முடியாது என்று அனுசுயா சொல்லியிருக்கலாம். வைத்தியர் சொன்னது இது, வாசலுக்கு வருகிறவர் சொல்வதற்காக மாற்ற மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஒன்பது ஆண்டுகளாக ஒண்டுக்குடித்தனம் இருந்தவளின் நாக்கு அதற்குப் பழகியிருக்கவில்லை. "சரிங்கம்மா" என்றாள்.

விளக்கேற்றுவதற்குள் மெரூன் நிறத்தில் இன்னொரு பனியன் தயாராகிவிட்டது. கறை தெரியாத நிறம் என்று வாங்குகிறவர்கள் கேட்டு வாங்கும் நிறம். அது செவலையின் உடல் நிறத்தோடு ஒன்றிப்போனது. தையலையும் மறைத்தது, இல்லாத காலையும் மறைத்தது. படுக்கைக்கும் அதே துணியை மடித்துப் போட்டாள்.

புதன் விடியலில் பூ வைத்து நிச்சயம் செய்யும் விசேஷத்துக்காக வாசல் முழுவதும் தண்ணீர் ஊற்றிக் கழுவியிருந்தார்கள். நெஞ்சுக்குக் கீழே துண்டைக் கொடுத்துத் தாங்கியபடி அனுசுயா செவலையை வெளியே கூட்டி வந்தாள். ஈரச் சிமெண்டில் அதன் ஒற்றை முன்னங்கால் சறுக்கியது. துண்டு நழுவியது. தையல் போட்ட பக்கமே தரையில் மோத, ஒரே ஒரு முறை வீறிட்டுவிட்டு எழுந்துகொண்டது.

தடவிப் பார்த்தாள். பனியன் நனைந்திருந்தது. வாசல் தண்ணீர் என்று எண்ணினாள். தூக்கிப் பார்க்கப் போனால் செவலை வலியில் நெளிந்தது. பெரிய வீட்டிலிருந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள். அவசரமாக உள்ளே கொண்டுபோய்விட்டாள். வேலைக்குக் கிளம்பும்போது வலி மாத்திரையை இட்லிக்குள் வைத்துக் கொடுத்து, முதுகை வருடினாள். பனியனின் விளிம்பு விரலில் சொரசொரவென்று பட்டது. மணி எட்டைத் தாண்டியிருந்தது. ஓடினாள்.

கம்பெனியில் பத்தரை மணிக்குச் சூப்பர்வைசர் பெருமாள்சாமி ஒரு கருநீலச் சட்டையோடு அவள் மேசைக்கு வந்தான்.

"அக்கா, இந்தப் பீஸப் பாஸ் பண்ணுனது நீங்கதானுங்க?"

வாங்கி விளக்கடியில் பிடித்தாள். "நான்தான். நல்லாத்தான இருக்கு?"

"நாய்க்கு நர்ஸ் வேலை பாக்குறவளுக்குக் கண்ணு இங்கிட்டா இருக்கும்?" என்று பக்கத்து மேசை ராமுத்தாய் சிரித்தாள். "காசிமாயன் காலு ஒடிஞ்சு கெடந்தாக்கூட இம்புட்டுப் பாக்க மாட்டா."

"சிரிக்காதீங்க, ஷிப்மென்ட் நேரம்" என்றான் பெருமாள்சாமி. "டார்க் கலர்ல கறை கண்ணுக்குத் தெரியாது, தடவித்தான் பாக்கோணும்னு எனக்குச் சொல்லிக் குடுத்ததே நீங்கதானுங்க. தடவிப் பாருங்க."

தடவினாள். நெஞ்சுப் பகுதியில், கண்ணுக்கு ஒன்றுமில்லாத இடத்தில், ஏதோ சிந்திக் காய்ந்து துணி விறைத்திருந்தது. விரல் அங்கேயே நின்றது.

காலையில் இதே விறைப்பு. செவலையின் பனியன் விளிம்பில் இதே சொரசொரப்பு. தண்ணீர் காய்ந்தால் பருத்தித் துணி மெத்தென்றுதான் இருக்கும்; விறைக்காது. விறைக்க வைப்பது எது?

"அது தண்ணியில்ல" என்றாள் அனுசுயா.

"என்னதுங்கக்கா?"

"நான் வீட்டுக்குப் போகணும்."

"ஏனுங், மத்தியானம் கன்டெய்னர் வருது. இப்பப் போனா நாளைக்கு வர வேண்டாம்னு மேல சொல்லிருவாங்க."

"சொல்லட்டும்."

"போடி, ஓடு" என்றாள் ராமுத்தாய். அவள் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டிருந்தது. "ஒன் மேசைய நான் பாத்துக்கிறேன்."

கிடைத்த ஆட்டோவில் பத்து நிமிடத்தில் வந்து சேர்ந்தாள். ஆட்டோவைக் கேட்டருகிலேயே நிற்கச் சொல்லிவிட்டு, கார்களையும் பந்தலையும் தாண்டிப் பின்னால் ஓடினாள். கதவைத் திறந்ததும் செவலை எழவில்லை. தலையைக்கூடத் தூக்கவில்லை. வாலின் நுனி ஒரு தடவை அசைந்தது.

பனியனைப் பற்றித் தூக்கினாள். உள்ளங்கை சிவந்தது. படுக்கையை அழுத்தினாள்; அதுவும் நிறைந்திருந்தது. கீழிமையை இழுத்துப் பார்த்தாள். சலவைத் தொட்டியில் போட்டு எடுத்த துணி போல வெளுத்திருந்தது.

ஐந்து மணி நேரம்! ஐந்து மணி நேரமாகச் சொட்டுச் சொட்டாக உயிர் வடிந்திருக்கிறது. துணி அதைக் குடித்துவிட்டுச் சாதுவாக இருந்திருக்கிறது. யார் இதை மூடினார்கள்? சாரதாமணியா? கேட்டவள் அவள், ஆனால் தைத்தது யார், மாட்டியது யார்? ஊனத்தைப் பார்க்கக் கூசுகிறவர்களுக்காக இரத்தத்தையும் சேர்த்து ஒளித்துவைத்த கை எது? தன் கையையே அனுசுயா வெறித்துப் பார்த்தாள். பார்க்க நேரமில்லை. சலவைத் துண்டை மடித்துக் காயத்தின் மேல் அழுத்திக் கட்டினாள். மருத்துவருக்குப் போன் செய்தாள். "உடனே தூக்கிட்டு வாங்க" என்றார்.

இருபத்திரண்டு கிலோவையும் அள்ளித் தோளில் சாய்த்துக்கொண்டு வெளியே வந்தாள். பின்பக்கச் சந்தில் சமையல் பந்தல். அடுப்புகளும் அண்டாக்களும் வழியை அடைத்திருந்தன. முன்வாசல் ஒன்றுதான் வழி. அங்கே, அவள் உள்ளே வந்த பிறகு யாரோ கேட்டில் தாழ் போட்டிருந்தார்கள். பட்டுச்சேலை சரசரக்கச் சாரதாமணி குறுக்கே வந்து நின்றாள்.

"கண்ணு, கண்ணு, என்னங்க இது? ஒரு மணி நேரம் பொறுத்துக்கங்க. பன்னண்டுக்கு ராகு காலம் பொறந்துரும், அதுக்குள்ள பூ வெச்சுருவாங்க. அப்புறம் நம்ம காரயே எடுக்கச் சொல்றேன்."

"ஒரு மணி நேரம் இதுக்கு இல்லீங்கம்மா."

"நல்ல நேரத்துல ரத்தத்தோட குறுக்க வரலாமுங்களா? நீங்களே சொல்லுங்க."

பந்தலுக்குள் நாற்காலிகள் திரும்பின.

"எதுங்க நல்ல நேரம்?" என்றாள் அனுசுயா. அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "ஒரு உசுரு சாகுறத மறைச்சுவச்சுட்டுப் பூ வைக்கிற நேரம் எப்படிங்க நல்ல நேரமாகும்? நேத்து நெறத்த மாத்தச் சொன்னீங்க, மாத்துனேன். வெள்ளையா இருந்திருந்தா ஆறு மணிக்கே தெரிஞ்சிருக்கும். ஒங்க மேல பழி போடல. மூடுனது என் கைதான். இனி ஒரு நிமிஷமும் மூட மாட்டேன். வழிய விடுங்க."

"இப்படியே போறதுன்னா ஊட்டக் காலி பண்ணிக்கோணுமுங்க." சிரிப்பு போயிருந்தது, 'ங்க' மட்டும் போகவில்லை.

"பண்ணிக்கிறேங்க. மொதல்ல தாழத் தெறங்க."

சாரதாமணி அசையவில்லை. அனுசுயாவின் இரண்டு கைகளும் நாயைத் தாங்கியிருந்தன. தாழ் தலைக்கு மேலே இருந்தது. அப்போது வளையல் நிறைந்த கை ஒன்று பக்கத்திலிருந்து நீண்டு அந்தத் தாழை இழுத்தது. சாரதாமணியின் மகள், மணப்பெண் ஜனனி. கேட்டை அகலத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள்.

மாதவன் இரண்டு தையலைப் பிரித்து, உள்ளே கட்டு நழுவியிருந்த சிறு இரத்தக் குழாயைத் தேடிப் பிடித்துக் கட்டினார். மறுபடி தைத்தார். சலைன் ஓட ஆரம்பித்தது.

"ரத்தம் நிறையப் போயிருக்குதும்மா. இப்ப என்கிட்ட எதுவும் கேக்காதீங்க. பக்கத்துல உக்காந்து இமையைப் பாத்துட்டே இருங்க. நிறம் திரும்புனா எனக்குச் சொல்லுங்க" என்று அடுத்த அறைக்குப் போனார்.

அவள் பார்த்தாள். வெள்ளை. மறுபடியும் பார்த்தாள். வெள்ளைதான். செவலையின் விலா எலும்பு ஏறி இறங்குவதை எண்ணினாள். நடுவில் ஒரு மூச்சு தாமதித்தபோது அவள் மூச்சும் நின்று, அது வந்த பிறகே தானும் வந்தது. காசிமாயனுக்குச் சொல்லவில்லை. வண்டி ஓட்டுகிறவனிடம் எதைச் சொல்வது?

பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது போன் அடித்தது. சாரதாமணி.

"கண்ணு..." குரல் கிசுகிசுப்பாக இருந்தது. "உசுரு இருக்குதுங்களா?"

"ஏங்க?"

"மாப்பளையோட அத்தைக்காரி ஒரே பிடியா நிக்கறாங்க. பொண்ணு கையால தாழத் தெறந்து அனுப்பிச்சாளாமா, அது செத்துப்போச்சுன்னா பொணத்த அனுப்பிச்சாப்பலயாமா. உசுரோட இருந்தாத்தான் பூ வெப்பாங்களாமா. பத்து நிமிசந்தானுங்க இருக்குது. ஸ்பீக்கர்ல போடறேன். பொழச்சுக்கிச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க சாமி."

காலையில் கண்ணில் படவே கூடாதிருந்த நாய், இப்போது சாகவே கூடாத நாயாகிவிட்டது! ஒரு குடும்பத்தின் மானமும் மங்கலமும், அவர்கள் முகம் சுளித்த மூன்று கால்களின் மேல் வந்து உட்கார்ந்திருந்தன. அனுசுயாவுக்குச் சிரிப்பும் வந்தது; அந்த நடுங்கும் குரலின் மேல் இரக்கமும் வந்தது. பொய் மட்டும் வரவில்லை.

"எனக்கே இன்னும் தெரியலீங்கம்மா."

"தெரியாட்டி என்னங்க, சும்மா ஒரு வார்த்தை..."

அந்தப் பக்கம் போன் கை மாறுகிற ஓசை. "அக்கா, நான் ஜனனி பேசறேன். எங்களுக்காக நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாமுங்க. நாயப் பாருங்க." மறுபடி இழுபறி, பல குரல்கள்.

அனுசுயா குனிந்து இமையை இழுத்தாள். சாயத் தொட்டியில் முதல் முக்கு முக்கிய துணியில் நிறம் பிடித்தும் பிடிக்காமலும் தெரியுமே, அப்படி ஒரு மெல்லிய சிவப்பு. கண்ணை நம்பாமல் விளக்கை இழுத்துப் பார்த்தாள்.

"டாக்டர்!"

மாதவன் வந்து மற்றோர் இமையையும் பார்த்தார். நெஞ்சில் குழாயை வைத்து நெடுநேரம் கேட்டார். "திரும்பிருச்சும்மா" என்றார். "இன்னிக்கு இங்கயே இருக்கட்டும். ஆனா பொழச்சுக்கும்."

மேசையில் கிடந்த போனுக்குள் சாரதாமணி இன்னும் அழைத்துக்கொண்டிருந்தாள். "கண்ணு? ஏனுங்? என்னமோ சத்தம் கேக்குது, சொல்லுங்க, அல்லாரும் காத்துட்டிருக்கறாங்க..."

அந்தச் சொல் இப்போது அனுசுயாவிடம் இருந்தது. அதைப் பெறுவதற்கு முதல் உரிமை பந்தலுக்கு இல்லை. தொடர்பைத் துண்டித்துவிட்டுக் காசிமாயனை அழைத்தாள்.

"மாமா, லாரிய ஓரமா நிப்பாட்டுங்க."

"என்னாடி? செவலைக்கு என்ன?"

"காலையில விழுந்து, தையல் உள்ள விட்டுப்போச்சு. ரத்தம் போனது தெரியாம நான் வேலைக்குப் போயிட்டேன். தப்பு என் மேலதான், வந்து என்னைய வையுங்க. இப்பப் பொழச்சுக்கிருச்சு. வீட்டத்தான் காலி பண்ணணும்."

அந்தப் பக்கம் வாகனங்கள் இரைந்து போயின. அவன் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"வீடு கெடக்குதுடி" என்றான் காசிமாயன். "போன அது காதுகிட்ட வையி."

வைத்தாள். அவன் என்ன பேசினானோ, செவலையின் ஒரு காது மெல்ல நிமிர்ந்தது.