பள்ளிக்கூட வாசலில் ஒரு கால்

வங்கக் கடலில் புயல் சின்னம் என்று சொன்னால், எண்ணூரில் எங்கள் குப்பத்து ஜனங்கள் முதலில் என் வீட்டைத்தான் எட்டிப் பார்ப்பார்கள். வானத்தைப் பார்ப்பதெல்லாம் அப்புறம்.

காரணம் எளிது. ரகுபதியாகிய நான் மாநகராட்சிப் பள்ளிக்கூடத்து நிவாரண முகாமில் போய் உட்கார்ந்தால் புயல் எங்கள் பக்கம் வராது. இது வெறும் சரித்திரம். 2010இல் லைலா சென்னையைப் பார்த்துக் கிளம்பியது. நான் பாயும் தலையணையுமாக முகாமுக்குப் போனேன், அது ஆந்திராவுக்குத் திரும்பிவிட்டது. 2018இல் பெய்ட்டியும் அப்படியே. 2020இல் நிவர் மட்டும் தெற்கே மரக்காணம் பக்கம் போனது. அன்று இடுப்பு வலியால் நான் தலைமாட்டை மாற்றிப் படுத்திருந்தேன். வர்தா வந்ததே என்று கேட்பீர்கள். ஐந்து நிமிடம் டீ குடிக்க வெளியே வந்தது என் தப்புதான். டீ ஆறுவதற்குள் டீக்கடைக் கூரை கொருக்குப்பேட்டைக்குப் போய்விட்டது. மீதி டீயை வெட்டவெளியில் நின்று குடித்தேன்.

ஆகவே குப்பத்தில் ஒரு வழக்கம் உண்டாயிற்று. புயல் என்றால் ஊர் சார்பாக நான் ஒருவன் முகாமுக்குப் போவேன். மற்றவர்கள் வீட்டில் காலை நீட்டிப் படுத்திருப்பார்கள். வருவாய் ஆய்வாளர் தேவகிருபை அம்மா தூத்துக்குடிக்காரர், நல்ல மனுஷி. முந்நூறு பேருக்குச் சாம்பார் சாதம் கிண்டி வைத்துக்கொண்டு வாசலையே பார்த்தபடி நிற்பார். நானும் என்னால் முடிந்த வரைக்கும் சாப்பிடுவேன்.

போன கார்த்திகையில்தான் சிக்கல் வந்தது. என் தங்கை நீலாவின் மகள் மோகனப்ரியாவுக்குத் திருவொற்றியூர் மண்டபத்தில் கல்யாணம். தாய்மாமன் நான் நெற்றியில் பட்டம் கட்டாமல் தாலி ஏறாது. முகூர்த்தம் காலை ஒன்பதிலிருந்து பத்தரை. அதை விட்டால் மார்கழி, அப்புறம் தையில்தான். முதல் நாள் சாயங்காலம் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றிவிட்டார்கள். பெயர் வாயில் நுழையாத ஒரு புயல்.

குப்பத்துத் தலைவர் திருமுருகன் வந்து நின்றார்.

"மாமு, பாயைச் சுத்து."

"நாளிக்கு என் தங்கச்சி பொண்ணுக்குக் கல்யாணம்டா."

"கல்யாணம் எங்க ஓடிப் போவுது? கரையாண்ட அத்தினி போட்டும் கீது. நீ போய் குந்து."

சுற்றினேன். பள்ளிக்கூட வாசலை நெருங்கும்போது ஒரு வேன் வந்து நின்றது. மாப்பிள்ளையின் அப்பா செங்குட்டுவன், மகனின் கையைப் பிடித்தபடி குதித்து இறங்கினார். பழவேற்காட்டுக்காரர்.

"சம்பந்தி, நீ உள்ள கால வச்சே, நான் புள்ளைய இட்டுகினு போய்டுவேன்."

"ஏன்யா? நான் உன்ன இன்னா பண்ணேன்?"

"இன்னா பண்ணியா? நீ இங்க குந்தசொல்லோ அது வடக்கால திரும்புதுல்ல, போற வழியில யார் வூடு கீது? லைலால என் ஓடு போச்சு. பெய்ட்டில தென்னை போச்சு. யார் வேலைன்னு தெரியாம இத்தினி வருஷமா கடலத் திட்டிகினு கீறேன்!"

திருமுருகன் என் இடது கையை உள்ளே இழுத்தார். செங்குட்டுவன் வலது கையை வெளியே இழுத்தார். இருவரும் வேண்டியவர்கள். நான் ஒரு காலை வாசலுக்கு உள்ளேயும் இன்னொன்றைத் தெருவிலும் வைத்து நின்றேன்.

தேவகிருபை அம்மா செல்போனிலிருந்து தலையைத் தூக்கினார்.

"ஐயா, புயல் எண்பது கிலோமீட்டர் தூரத்துல அப்படியே நிக்குதாம். எந்தப் பக்கம் போகும்னு சொல்ல முடியலையாம்."

எனக்கும்தான் சொல்ல முடியவில்லை. வாசலின் குறுக்கே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். விடியும் வரை அப்படியே இருந்தேன். என் ஒரு கால் காய்ந்தது, மறு கால் நனைந்தது. புயல் நகராமல் நின்றதால் மழையும் நகரவில்லை. மணலி சாலையில் முழங்கால் ஆழம் தண்ணீர். காலையில் மண்டபத்துக்குள் தண்ணீர் வந்துவிட்டது என்றார்கள்.

ஒன்பது மணிக்கு, கூரைப் புடவையும் தலை நிறையப் பூவுமாக, ஒரு மீன்பாடி வண்டியில் உட்கார்ந்து குடை பிடித்தபடி வந்து இறங்கினாள் மோகனப்ரியா. அழுதிருக்கிறாள் என்று மை சொன்னது.

"மாமா, எனக்குப் பட்டம் கட்டப் போறியா, இல்ல இங்கயே முளைச்சிடப் போறியா?"

"உள்ள வச்சா உன் மாமனாரு போய்டுவாரு. வெளிய வச்சா ஊரு போய்டும். நான் இன்னா பண்றது கண்ணு?"

அவள் என் கால்களை மாறி மாறிப் பார்த்தாள். பிறகு செங்குட்டுவனிடம் திரும்பினாள்.

"உங்க ஆளுங்க அத்தினி பேரும் எங்க கீறாங்க?"

"மண்டபத்தாண்ட, வேன்ல."

"இங்க இட்டுகினு வாங்க. எங்க ஊரும் வரட்டும். எல்லாரும் உள்ள கீறசொல்லோ அது எந்தப் பக்கம் போனா இன்னா?"

"என் வூட்டு ஓடு?"

"ஓட்டை வேற மாட்டிக்கலாம். உங்க புள்ளைக்கு வேற பொண்ணு பாப்பீங்களா?"

செங்குட்டுவன் மகனைப் பார்த்தார். மாப்பிள்ளை வேகமாகத் தலையை ஆட்டினான், மேலும் கீழுமா பக்கவாட்டிலா என்று யாருக்கும் புரியவில்லை. அவளுக்குப் புரிந்திருக்கும்.

முக்கால் மணி நேரத்தில் நானூறு பேர் உள்ளே இருந்தார்கள். பத்து மணிக்கு என் நனைந்த காலையும் உள்ளே எடுத்து வைத்தேன். ஐந்தாம் வகுப்பு 'ஆ' பிரிவில், வாய்ப்பாடு எழுதிய கரும்பலகைக்கு முன்னால் பட்டம் கட்டினேன். பத்தே காலுக்குத் தாலி ஏறியது. விருந்து, சாம்பார் சாதம். அண்டாவின் அடி தெரிந்ததைப் பார்த்துத் தேவகிருபை அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். தன் உத்தியோகத்தில் அதை அவர் அதுவரை பார்த்ததே இல்லையாம்.

புயல் அன்று மதியம் கடலிலேயே வலுவிழந்தது. விரட்ட வெளியே ஆள் இல்லாவிட்டால் அதுதான் என்ன செய்யும்? வறண்ட காற்று உள்ளே புகுந்துவிட்டது என்று வானிலை அலுவலகத்தில் சொன்னார்கள். படித்தவர்கள், நான் மறுத்துப் பேசவில்லை.

போன வாரம் அந்தமான் பக்கம் மறுபடி ஒரு காற்றழுத்தத் தாழ்வு. தேவகிருபை அம்மா போன் செய்தார்.

"ஐயா, நீலாம்மாவோட அடுத்த பொண்ணுக்கு எப்போ கல்யாணம்?"

"அது பன்னெண்டாவது படிச்சிகினு கீது. இன்னும் நாலஞ்சு வருஷம் ஆவும்மா."

போனில் அண்டாவை உருட்டும் சத்தம் கேட்டது.

"அதுவரைக்கும்?"

"அதுவரிக்கும் நானே வந்து துன்றேன்," என்றேன்.