அடைப்புக்குறி இல்லாத அத்தை

என் கணவர் எந்தப் பொருளையும் வெறுமனே வைக்கமாட்டார். மாத்திரை அட்டை ஓர் உறைக்குள், உறை ஒரு டப்பாவுக்குள், டப்பா அலமாரியில் இன்னொரு டப்பாவுக்குள் இருக்கும். தலைவலி வந்தால் மாத்திரையைத் தேடுவதற்குள் வலி போய்விடும். ஆபீஸில் அவருக்கு ‘டப்பா’ என்றே பெயர். அவருடைய வேலையும் டப்பாக்களோடுதான். மற்றவர்கள் ஒன்றுக்குள் ஒன்றாக அடைத்து அனுப்பும் தகவலைப் பிரித்து ஜாவா ப்ரோக்ராமில் அடுக்குவார். நான் அதே ஆபீஸில் டெஸ்டர். அவர் கட்டுவதை உடைப்பது என் பிழைப்பு. வீட்டில் இதைச் சம்பளமில்லாமல் செய்கிறேன்.

ஒரு கப்பல் கம்பெனிக்காக ஆறு மாதம் வேலை செய்தோம். அதுவரை துறைமுக வாசலில் காகிதத்தில் பெயரைத் தேடிப் பார்த்துத்தான் ஆட்களை ஏற்றினார்கள். இனிமேல் சீட்டை டேப்லெட்டில் காட்டினால் போதும். டேப்லெட் எங்கள் சர்வரைக் கேட்கும். எங்கள் சர்வர் கப்பல் கம்பெனியின் பழைய முன்பதிவு சர்வீஸைக் கேட்கும். அது அனுப்பும் பதிலில் பயணம் என்று ஒரு பெட்டி, அதற்குள் முன்பதிவு, அதற்குள் பயணிகள், ஒவ்வொரு பயணிக்குள்ளும் அறை, அறைக்குள் படுக்கை என்று போய்க்கொண்டே இருக்கும். ஒவ்வொரு பெட்டியையும் அப்படியே வாங்கி வைக்க, அதே வடிவத்தில் இவர் ஜாவாவில் ஒரு கிளாஸ் எழுதினார். பயணம் என்ற கிளாஸுக்குள் முன்பதிவு, முன்பதிவுக்குள் பயணிகளின் லிஸ்ட். மனிதருக்கு அது திருவிழா போல இருந்தது. சாப்பிடும்போதும் அதே பேச்சு.

“இவ்வளவு ஆழமா யாருமே அடுக்கினதில்ல, தெரியுமா?” என்பார்.

“நம்ம வீட்டு அலமாரிய பாத்தவங்க அப்படிச் சொல்லமாட்டாங்க,” என்பேன் நான்.

டேப்லெட் புழக்கத்துக்கு வரும் முதல் கப்பலிலேயே என் அத்தைக்குச் சீட்டு எடுத்துக் கொடுத்தார். அத்தை என் அப்பாவின் தங்கை. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலையிலிருந்து அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று யாராவது கேட்டால், “உள்ளுக்குள்ள எல்லாரையும் பாத்துட்டேன், ஒருத்தரும் தேறல,” என்பார். கடலில் போகவேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. ஒவ்வொரு முறையும், தனியாகப் போகாதே என்று அப்பா தடுத்துவிடுவார். இந்த முறை மாப்பிள்ளையே சீட்டை நீட்டியதும் அத்தை அப்பாவிடம் கேட்கக்கூட இல்லை.

“மாப்பிள்ளை எழுதின கதவு, நான்தான் முதல்ல திறப்பேன்,” என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார். இவருக்குத் தலைகால் புரியவில்லை.

அன்று காலை நாங்கள் ஆபீஸில் உட்கார்ந்திருந்தோம். பெரிய திரையில் கப்பலில் ஏறியவர்களின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போனது. மேலாளர் கையைக் கட்டிக்கொண்டு பின்னால் நின்றார். எதற்கெடுத்தாலும் நிதானம், நிதானம் என்பதால் அவருக்கு ‘நிதானம்’ என்று பெயர். எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது என் போன் அடித்தது.

“ஏன்டி, நான் உயிரோட இருக்கேனா?” என்றார் அத்தை.

“என்ன அத்தை ஆச்சு?”

“இந்தத் தம்பி சீட்டைக் காட்டச் சொன்னார், காட்டினேன். ‘பயணிகள் யாரும் இல்லை’ன்னு வருது. எதிர்லயே நிக்கறேனே தம்பின்னேன். நீங்க நிக்கறீங்கம்மா, ஆனா சீட்டுல யாரும் இல்லைங்கறார். ரொம்ப மரியாதையாத்தான் சொல்றார். பதினோரு மணிக்குக் கதவ சாத்திடுவாங்களாம்.”

கடிகாரத்தில் பத்தேகால். போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தேன். இவர் அத்தையின் சீட்டு எண்ணைப் போட்டு முன்பதிவு சர்வீஸிலிருந்து வந்த பதிலைத் திறந்தார். அதில் அத்தை இருந்தார். பெயர், வயது, ஜன்னல் பக்கத்து அறை, கீழ்ப் படுக்கை, எல்லாம் பத்திரமாக இருந்தது. எங்கள் சர்வருக்குள் வந்த பிறகுதான் ஆள் மாயம்.

“அங்க இருக்காங்க, இங்க இல்ல. நடுவுல யார் தின்னது?” என்றேன்.

அவர் வேறொரு குடும்பத்தின் பதிலைப் பக்கத்தில் திறந்து வைத்தார். நான்தான் முதலில் பார்த்தேன். அந்தக் குடும்பத்தில் பயணிகள் என்பதற்குப் பிறகு ஒரு சதுர அடைப்புக்குறி இருந்தது. அதற்குள் நான்கு பேர் வரிசையாக இருந்தார்கள். சதுர அடைப்பு இருந்தால்தான் லிஸ்ட் என்று அர்த்தம். அத்தைக்கு அந்த அடைப்பே இல்லை. அந்தப் பழைய சர்வீஸ் இரண்டு பேராவது இருந்தால் லிஸ்டாக அனுப்புகிறது. ஒரே ஒரு ஆள் என்றால் எதற்கு வீணாக லிஸ்ட் என்று ஆளை அப்படியே அனுப்பிவிடுகிறது. இவருடைய கிளாஸ் லிஸ்டை எதிர்பார்த்துக் காத்திருக்கிறது. தனி ஆள் வந்ததும், இது எனக்கு வந்ததில்லை என்று திருப்பி அனுப்பிவிடுகிறது.

“சரி, திருப்பி அனுப்பினா எர்ரர்தானே வரணும்? யாரும் இல்லைன்னு ஏன் வருது?”

அவர் முகம் சுருங்கிப்போயிற்று. “முதல் டெமோல எர்ரர் வந்து திரை அப்படியே விழுந்துச்சே, ஞாபகம் இருக்கா? எக்காரணம் கொண்டும் திரை விழக்கூடாதுன்னு இவர் சொன்னார்.” மேலாளரைக் கண்ணால் காட்டினார். “அதனால, பிரிக்க முடியலைன்னா காலி லிஸ்ட் குடுத்துட்டுப் போயிடுன்னு எழுதி வெச்சேன்.”

“ஆள் போனாலும் பரவாயில்ல, திரை நிக்கணும். அப்படித்தானே?”

“நீ டெஸ்ட் பண்ணினியே, உனக்குத் தெரியலையா?”

எனக்குச் சுருக்கென்றது. நான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு சோதித்தவள். கைக்குழந்தையோடு போகும் தம்பதி, கூட்டமாகப் போகும் நாற்பது பேர், ஒரே பெயரில் மூன்று சகோதரர்கள், எல்லாம் எழுதியிருந்தேன். தனியாக ஒரு ஆள் மட்டும் என் மண்டையில் உதிக்கவே இல்லை.

அத்தை ஸ்பீக்கரில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார் என்பது அப்போதுதான் உறைத்தது.

“சோதனைக்கு நம்ம வீட்டு ஆளுங்க பேரத்தான் போட்டேன்னு ஒரு தடவை சொன்னியேடி. அதுல நான் இருக்கேனா?” என்று கேட்டார்.

“இருக்கீங்க அத்தை.”

“எங்க?”

பொய் சொல்லலாமா என்று யோசித்தேன். அத்தையிடம் அது செல்லாது. “அப்பா, அம்மா, அண்ணன், அண்ணி. அவங்களோட அஞ்சாவதா.”

“ஓஹோ,” என்றார். கோபமாகக் கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

இவர் அதற்குள் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார். “அத்தை, ஒரே நிமிஷம். உங்க சீட்டுல பயணி ரெண்டுன்னு ஒரு ஆளச் சேத்துடறேன். துணைன்னு பேர் போடறேன். ரெண்டு பேர் ஆயிட்டா லிஸ்டா வந்துடும், கதவு திறந்துடும். கப்பல் கிளம்பினதும் அழிச்சிடறேன்.”

“நல்ல யோசனை,” என்றார் மேலாளர். ஓடிக்கொண்டிருக்கும் ப்ரோக்ராமைத் தொடாமல் காரியம் முடிகிறதே என்று அவருக்கு நிம்மதி. “நிதானமா அத மட்டும் பண்ணுங்க.”

போனில் சிரிப்புச் சத்தம் கேட்டது. அத்தை விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு சிரிப்பு சட்டென்று நின்றது.

“மாப்பிள்ளை, எங்க அண்ணன் முப்பது வருஷமா எனக்கு ஒரு துணை சேக்கப் பாத்தார். முடியல. நீங்க ஒரு நிமிஷத்துல முடிக்கறேங்கறீங்க. அதுவும் இல்லாத ஆளு! வேண்டாம் மாப்பிள்ளை. நான் பொய்த் துணையோட எல்லாம் ஏறமாட்டேன். கதவ சாத்தினா சாத்தட்டும், வீட்டுக்குப் போறேன்.”

“அத்தை, பிடிவாதம் பிடிக்காதீங்க,” என்று நான் கெஞ்சினேன். திரும்பி வந்தால், தனியாகப் போகாதே என்று அன்றே சொன்னேனே என்பார் அப்பா. அதற்குப் பிறகு அத்தை கடல் என்ற பேச்சையே எடுக்கமாட்டார். எனக்குத் தெரியும்.

“பிடிவாதம் இல்லடி. சொல்றதக் கேளு. நான் மட்டும் நிக்கல இங்க. என்னோட சேத்துப் பன்னெண்டு பேரை ஓரமா நிக்க வெச்சிருக்கார் இந்தத் தம்பி. எல்லாரும் தனியா வந்தவங்க. ஒருத்தர் லாரி ஓட்டறவராம், லீவு போட்டுட்டு வந்திருக்கார். ஒரு பொண்ணு பரிட்சை முடிச்சிட்டு வந்திருக்கா. இவங்க எல்லாருக்கும் ஆளுக்கொரு துணை போடப் போறாரா உங்க வீட்டுக்காரர்?”

மேலாளர் கட்டியிருந்த கையை அவிழ்த்தார். பன்னிரண்டு ஆவிகளுக்கு அறையும் படுக்கையும் ஒதுக்குவதை நினைத்துப் பார்த்திருக்கவேண்டும். அவர் நிதானத்தை இழந்து நான் பார்த்தது அன்று மட்டும்தான்.

“எத்தனை வரி மாத்தணும்?” என்றார்.

“ஒரே வரி சார்,” என்றார் இவர். “ஒத்தை ஆள் வந்தாலும் லிஸ்டா எடுத்துக்கோன்னு, பதிலப் பிரிச்சுக் குடுக்கற ஜாவா லைப்ரரிகிட்டச் சொல்லணும். அவ்வளவுதான்.”

“அப்ப ஏன்யா மசமசன்னு உக்காந்திருக்கே?”

ஒரே வரிதான். ஆனால் அதைச் சேர்த்து, மறுபடி கட்டி, சர்வரில் ஏற்றிக் கிளப்ப வேண்டும். சோதிக்காமல் ஏற்ற நான் விடமாட்டேன் என்பது இவருக்குத் தெரியும். அவர் அந்த வரியை எழுதிக்கொண்டிருக்கும்போதே நான் என் சோதனைக் கோப்பைத் திறந்தேன். அப்பா குடும்பத்தை நான்கு பேராக்கினேன். அத்தையைத் தனியாக, கீழே, எந்த அடைப்புக்குறியும் இல்லாமல் எழுதினேன். ஓடவிட்டேன். தேறிவிட்டது என்று பச்சை வந்தது. பழைய கூட்டமெல்லாம் முன்போலவே ஓடுகிறதா என்றும் பார்த்தேன். எதையும் விடவில்லை.

“ஏத்துங்க,” என்றேன்.

சர்வர் நின்று மறுபடி எழும் அந்த இரண்டு நிமிடமும் மூன்று பேரும் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். போனில் மட்டும் அத்தையின் குரல் யாரையோ வரிசையில் நிற்கச் சொல்லிக்கொண்டிருந்தது.

“அத்தை, இப்ப காட்டுங்க!”

டேப்லெட் பீப் என்றது. வாசல்காரர் படிக்கும் குரல் கேட்டது. “பயணி ஒருத்தர். அறை ஜன்னல் பக்கம். வந்துட்டீங்கம்மா, போங்க போங்க, நேரமாச்சு.”

அத்தை போகவில்லை. “முதல்ல அந்தப் பொண்ணப் பாருங்க தம்பி. அப்புறம் லாரிக்காரர். இவங்க எல்லாரும் உள்ள போனதும் நான் வரேன்,” என்றார். பீப், பீப் என்று ஒவ்வொன்றாகக் கேட்டது. எங்கள் பெரிய திரையில் எண்ணிக்கை ஒன்று ஒன்றாக ஏறியது. ஒவ்வொன்றுக்கும் மேலாளர் கைதட்டினார். கடைசியாக அத்தை ஏறினார். அதன் பிறகுதான் போன் துண்டிக்கப்பட்டது.

இவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்து, அந்தக் காலி லிஸ்ட் கொடுக்கும் பகுதியை அப்படியே அழித்தார்.

“சார், இனிமே பிரிக்க முடியலைன்னா திரை விழும்,” என்றார்.

“விழட்டும்,” என்றார் மேலாளர்.

எனக்கு இவரைக் கட்டிக்கொள்ளவேண்டும் போலிருந்தது. ஆபீஸ் என்பதால் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தேன்.

மத்தியானம் அத்தை கூப்பிட்டார். காற்றுச் சத்தம் காதைப் பிளந்தது. காலையிலிருந்து மனதுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்ததையெல்லாம் கொட்ட ஆரம்பித்தேன். “அத்தை, மன்னிச்சிடுங்க. நான் உங்கள எப்பவுமே அப்பா வீட்டோடயே சேத்து... அப்படி நினைச்சே பழகிட்டேன். இப்ப மாத்திட்டேன். உங்களத் தனியா எழுதிட்டேன். என் லிஸ்ட்ல இனிமே...”

“சரி சரி, நல்லா எழுதிக்கோ,” என்று குறுக்கே வெட்டினார். “அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்டி, இப்ப எனக்கு நேரமில்ல. சாப்பாட்டு ஹால்ல பன்னெண்டு பேருக்கு ஒரே மேசையா சேத்துப் போடச் சொன்னா, முடியாதுங்கறான் ஒருத்தன். எல்லாரும் எனக்காகக் காத்திட்டிருக்காங்க. நான் போய் அவன ஒரு கை பாத்துட்டு வரேன்.”

நான் வாயைத் திறப்பதற்குள் போனை வைத்துவிட்டார்.