சகலை வண்டி

அந்தச் சாலையில் எதிரும் புதிருமாக இரண்டு ஷோரூம்கள். இந்தப் பக்கம் விற்பது ‘மல்லன்’ பிக்கப். அந்தப் பக்கம் விற்பது ‘ராஜாளி’ பிக்கப். மல்லன்காரர்கள் ராஜாளியைத் தகர டப்பா என்பார்கள். ராஜாளிக்காரர்கள் மல்லனை எருமை என்பார்கள். மாதத்துக்கு இரண்டு தடவை ஒரு நீளமான டிரெய்லர் லாரி வந்து நிற்கும். அதிலிருந்து நான்கு வண்டிகளை இந்தப் பக்கம் இறக்குவார்கள். பிறகு அதே லாரியைப் படாத பாடு பட்டுத் திருப்பி, மிச்ச நான்கை அந்தப் பக்கம் இறக்குவார்கள். லாரி டிரைவர் இரண்டு பக்கமும் டீ குடித்துவிட்டுப் போவார்.

ஒரே தொழிற்சாலை, ஒரே எஞ்சின், ஒரே கதவு, ஒரே பெயின்ட். முன்னால் கிரில் வேறு, பின்கதவில் ஒட்டிய எழுத்து வேறு. ஒரு வயிற்றில் பிறந்த இரண்டில் ஒன்றுக்கு அப்பா மூக்கு, இன்னொன்றுக்கு மாமன் மூக்கு, அவ்வளவுதான் வித்தியாசம். இது தெரிந்தும் தெரியாத மாதிரி இருப்பதற்குத்தான் இரண்டு கடையிலும் சம்பளம் கொடுத்தார்கள்.

மல்லன் கடையில் பத்தொன்பது வருஷமாக வண்டி விற்பவரை எல்லோரும் பெரிய மாப்பிள்ளை என்றே கூப்பிட்டார்கள். வீட்டில் வைத்த பெயர் கடைக்கும் வந்து ஒட்டிக்கொண்டதற்குக் காரணம், மூன்று மாதத்துக்கு முன்னால் எதிர்க் கடையில் வேலைக்குச் சேர்ந்த சின்ன மாப்பிள்ளை. அக்காவைக் கட்டியவர் இங்கே, தங்கையைக் கட்டியவன் அங்கே. வண்டிகளும் சகலை, விற்கிறவர்களும் சகலை என்று இரண்டு கடைக்காரர்களும் சேர்ந்து சிரித்தார்கள். அவர்கள் சேர்ந்து செய்த ஒரே காரியம் அதுதான்.

பெரிய மாப்பிள்ளை கெட்டிக்காரர். பால்காரர், மரக்கடைக்காரர், பந்தல் போடுகிறவர், ஊரில் சாமான் ஏற்றுகிற யாராக இருந்தாலும் அவரிடம் வாங்கியவராகத்தான் இருப்பார். ஒரே ஒருவர் மட்டும் வாங்கியதில்லை. அது அவருடைய மாமனார்.

மாமனார் ஜன்னல் கண்ணாடி வெட்டி விற்கிறவர். ஆளுயரக் கண்ணாடிகளைப் போர்வை சுற்றிச் சாய்த்து நிறுத்தி, பிள்ளைத்தாய்ச்சியை ஏற்றிப் போவது போல மெதுவாக ஓட்டுவார். அவருடைய பழைய வண்டிக்கு ஒரு பக்கக் கதவு கயிற்றில் நின்றது, ஹாரன் அடித்தால் வைப்பர் ஆடியது. அந்த வண்டி கடை முன்னால் இருமிக்கொண்டே போகும்போதெல்லாம் கூட வேலை செய்கிறவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள். “என்ன பெரிய மாப்பிள்ளை, ஊருக்கெல்லாம் வித்தாச்சு, மாமனாருக்கு விக்க முடியலையே?” என்பார்கள். அவர் சிரித்து மழுப்புவார். உள்ளே மட்டும் சுருக்கென்று இருக்கும். தன் வண்டியை மாமனார் ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பழைய வண்டி நடுச்சாலையில் நின்றது, பிறகு நகரவே இல்லை. மெக்கானிக் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, மறுபடி மரியாதையாக மூடிவிட்டார்.

“அப்பா புது வண்டி எடுக்கப் போறாராம்,” என்றாள் மனைவி, துணி மடித்துக்கொண்டே. “சின்னவர் நேராப் போய், ‘மாமா, என்கிட்ட வாங்குங்க’ன்னு கேட்டாராம்.”

“கேப்பான். வாயுள்ள பிள்ளை பிழைக்கும்.”

“நீங்களும் போய் ஒரு வார்த்தை கேளுங்களேன்.”

“நான் கேக்க மாட்டேன். அவருக்கா தோணி வரணும்.”

“அவருக்கா வர்றதுக்கு எங்கப்பா என்ன மழையா?”

மாப்பிள்ளை முறுக்கு என்று ஊரில் சொல்வார்களே, அது பெரிய மாப்பிள்ளையிடம் கொஞ்சம் தலைகீழாக இருந்தது. மற்ற மாப்பிள்ளைகள் அது வேண்டும் இது வேண்டும் என்று முறுக்கிக்கொள்வார்கள். இவர் எதுவுமே வேண்டாம் என்று முறுக்கிக்கொண்டார். கல்யாணத்தன்று, “உங்க பொண்ணைத் தவிர உங்க வீட்டுக் குண்டூசிகூட எனக்கு வேண்டாம்” என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். சொன்னது நல்ல வார்த்தைதான். அதைப் பத்தொன்பது வருஷம் விடாமல் பிடித்துக்கொண்டதுதான் அதிகம். மாமனார் வீட்டில் தண்ணீர்கூட இரண்டாவது தரம் சொன்னால்தான் குடிப்பார். இவர் வீடு கட்டியபோது மாமனார் தன் கையாலேயே எல்லா ஜன்னலுக்கும் கண்ணாடி போட்டார். இவர் அதற்கு பில் கேட்டு வாங்கினார்.

மனைவி கடைசித் துணியையும் மடித்து வைத்தாள். “இன்னொண்ணும் இருக்கு. தங்கச்சி என்கிட்ட மட்டும் சொன்னா. சின்னவருக்கு மூணு மாசம்தான் கெடு குடுத்திருக்காங்க. அதுக்குள்ள ஒரு வண்டியாவது விக்கணும், இல்லேன்னா வேலை இல்ல. இதுவரைக்கும் ஒண்ணுகூட விக்கல. சனிக்கிழமை கடைசி நாள். அப்பாவுக்குத் தெரியக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா. பாவம் பாத்து வாங்கின வண்டின்னு பேரு வந்துடுமாம்.”

பெரிய மாப்பிள்ளைக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. சின்னவன் முன்பு வேலை பார்த்த செருப்புக் கடை மூடிப் போய், எட்டு மாதம் சும்மா இருந்தவன். அது அவருக்குத் தெரியும். ஆனால் மாமனார் வாழ்க்கையில் வாங்கப் போவது இன்னும் ஒரே ஒரு வண்டிதான் என்பதும் தெரியும். அது எதிர்ப்பக்கம் போய்விட்டால், சாகும்வரை அவர் மாமனாருக்கு விற்காத மாப்பிள்ளைதான்.

சனிக்கிழமை காலை, கடை திறந்து துடைத்துக்கொண்டிருந்தபோது ஒரு வாடகை வண்டி வந்து நின்றது. மாமனார் இறங்கினார். கையில் போர்வை சுற்றிய கண்ணாடி ஒன்று. எதிரே பார்த்தார், சின்ன மாப்பிள்ளை கதவருகே நின்றிருந்தான். இந்தப் பக்கம் திரும்பி நடந்தார்.

“வாங்க மாமா,” என்றார் பெரிய மாப்பிள்ளை. துடைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே போட்டுவிட்டு மறுபடி எடுத்தார்.

“இருக்கட்டும் மாப்பிள்ளை, நீங்க வேலையைப் பாருங்க,” என்று மாமனார் சுற்றிலும் பார்த்தார். “வேலைன்னா, வண்டி விக்கறதுதானே? ஊருக்கெல்லாம் சொல்றதை எனக்கும் சொல்லுங்க. கேக்கறேன்.”

கூட இருந்தவர்கள் ஆளுக்கொரு வண்டிக்குப் பின்னால் போய் நின்று காதைத் தீட்டிக்கொண்டார்கள். பெரிய மாப்பிள்ளை தொண்டையைச் செருமினார். எஞ்சின், பாரம், பிரேக் என்று சொல்லிக்கொண்டு போனார். நூற்றுக்கணக்கான பேரிடம் சொன்ன வசனம், இந்த ஒரு ஆளிடம் குதிரை மாதிரி ஓடாமல் கழுதை மாதிரி நின்று நின்று போனது. மாமனார் தலையாட்டிவிட்டு, கண்ணாடியை வண்டியின் பின்தட்டில் போர்வையோடு படுக்க வைத்தார்.

“ஒரு சுத்து போலாம். ரயில்வே கேட் வரைக்கும்.”

ரயில்வே கேட் சாலையில் வேகத்தடைகள் ஏழு, குழிகள் எண்ணிக்கையில் அடங்காதவை. பெரிய மாப்பிள்ளை ஓட்டினார். மாமனார் முன்னால் பார்க்கவே இல்லை. பின்பக்கம் ஒருக்களித்து உட்கார்ந்து காதைக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஏழாவது வேகத்தடையும் தாண்டியது. கண்ணாடி பேசாமல் கிடந்தது.

“பட்டை நல்லா இருக்கு,” என்றார் மாமனார். வண்டியின் பாரத்தைத் தாங்கி அதிர்ச்சியை விழுங்கும் இரும்புப் பட்டைகளைச் சொன்னார். “எதிர்க் கடை வண்டி எப்படி?”

இந்தக் கேள்விக்குப் பத்தொன்பது வருஷப் பதில் ஒன்று நாக்கு நுனியிலேயே இருந்தது. அதை விழுங்கினார். “அதுவும் இதேதான் மாமா. ஒரே தொழிற்சாலை. பேரும் மூக்கும்தான் வேற.”

“அப்போ எதுக்கு ரெண்டு பேரு?”

“ஒரு புது வண்டியை வரைஞ்சு, செஞ்சு, ஓட்டிப் பாத்து, ரோட்டுக்குக் கொண்டுவர அஞ்சாறு வருஷம் ஆகும். கோடிக்கணக்குல செலவு. ராஜாளிக்காரங்ககிட்ட வண்டி இருந்துச்சு, ஆனா தொழிற்சாலை பாதி நாள் சும்மா கிடந்துச்சு. எங்க கம்பெனிகிட்ட வண்டி இல்ல, ஆனா பேரு இருந்துச்சு, ஊருக்கு ஊரு கடை இருந்துச்சு. கை கோத்துக்கிட்டாங்க. மல்லன்னாதான் வாங்குவேன்னு அப்பன் காலத்துலேருந்து நிக்கற ஆளுங்க இருக்காங்க மாமா. ராஜாளி கடை வாசல்ல அவங்க செருப்பைக்கூட விட மாட்டாங்க. அங்கேயும் அப்படித்தான்.”

“இருந்தாலும், ஒரே சாமானுக்கு ஒரு கடை போதாதா?”

“ரெண்டு பொண்ணுக்கும் ஒரே மாப்பிள்ளை போதும்னு நீங்க விட்டீங்களா?”

சொன்ன பிறகுதான் சொன்னது அவருக்கே உறைத்தது. மாமனாரிடம் அவர் பேசிய முதல் வேடிக்கை அது. கிழவர் ஒரு கணம் முழித்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார், சிரித்துக்கொண்டே இருந்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரிப்பு அடங்கிய பிறகும் துடைத்தார்.

“இப்படியெல்லாம் பேசுவீங்களா நீங்க?” என்றார். “எனக்குத் தெரியாமப் போச்சே.”

வண்டி கடை வாசலுக்கு வந்து நின்றது. யாரும் இறங்கவில்லை.

“அந்த ஓட்டை வண்டியை நான் ஏன் அத்தனை வருஷம் ஓட்டினேன் தெரியுமா மாப்பிள்ளை? என்னிக்காவது ஒரு நாள் நீங்க வந்து, ‘மாமா, இது போதும், தூக்கிப் போடுங்க, என் கடைக்கு வாங்க’ன்னு சொல்வீங்கன்னு பாத்தேன். வேணும்னேதான் உங்க கடை முன்னால ஓட்டிக்கிட்டுப் போவேன். சுத்து வழி அது எனக்கு.”

பெரிய மாப்பிள்ளை எஞ்சினை அணைத்தார்.

“ஜன்னலுக்குக் கண்ணாடி போட்டதுக்குக்கூட பில்லு கேட்டீங்க. எழுதிக் குடுத்துட்டு வந்து உங்க அத்தைகிட்ட சொன்னேன், இவருக்கு என்கிட்டேருந்து ஒண்ணும் வேணாமாம்னு. ஒண்ணும் வேணாம்னா, அந்த ஆளே வேணாம்னுதானே அர்த்தம்?”

“ஐயோ மாமா,” என்றார் அவர். எதையும் கேட்காதது மரியாதை என்று நினைத்திருந்தார். அந்த மரியாதை ஒரு மனுஷனைப் பத்தொன்பது வருஷம் வாசலிலேயே நிறுத்தி வைத்திருக்கிறது. அவருக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட, அந்தக் கிழவரின் மேல் அடக்க முடியாத பிரியமாக இருந்தது.

“நீங்க என் வண்டியை மதிக்கலைன்னு நினைச்சேன் மாமா.”

“நல்லா நினைச்சீங்க,” என்றார் மாமனார். “சரி, போனது போகட்டும். சின்னவர் கேட்டாரு. ‘பாக்கலாம்பா’ன்னு சொல்லி வெச்சிருக்கேன். மூத்தவரு நீங்க இருக்கும்போது உங்களைத் தாண்டிப் போக மனசு வரல. இப்பக் கேளுங்க. வாயைத் திறந்து ஒரு தடவை கேளுங்க. இங்கேயே எழுதிடறேன்.”

எதிர்ப்பக்கம் சின்ன மாப்பிள்ளை கதவருகே அப்படியே நின்றிருந்தான். யாரோ உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள், திரும்பவில்லை. சட்டையை இன்று புதிதாகத் தேய்த்துப் போட்டிருந்தான்.

பெரிய மாப்பிள்ளைக்குக் கை நீட்டினால் எட்டும் தூரத்தில் அந்த வார்த்தை இருந்தது. ‘என்கிட்ட வாங்குங்க மாமா.’ நாலு வார்த்தைகூட இல்லை. அதைச் சொல்ல அவருக்கு ஆசை, குழந்தைக்கு மிட்டாய் மேல் இருக்கிற மாதிரி ஆசை. கடைக்குள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாயைத் திறந்தார்.

“மாமா, உங்ககிட்ட இதுவரைக்கும் நான் ஒண்ணும் கேட்டதில்ல. இப்பக் கேக்கறேன். தட்டக் கூடாது.”

“கேளுங்க.”

“எதிர்க் கடையில வாங்குங்க.”

மாமனார் அவரையே பார்த்தார். “என்ன சொல்றீங்க?”

“காரணம் கேக்காதீங்க மாமா. இன்னிக்கே வாங்கணும். சாயந்திரம் கடை மூடறதுக்குள்ள.”

மாமனார் வண்டிக் கண்ணாடி வழியாக எதிர்ப்பக்கம் பார்த்தார். கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கும் சின்னவனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். வாழ்நாளெல்லாம் கண்ணாடி விற்றவர். அந்தப் பக்கம் இருப்பது தெரியாமலா போகும்? பெரிய மூச்சாக விட்டார்.

“பத்தொன்பது வருஷம் கழிச்சு வாயைத் திறந்து கேட்டதும் உங்களுக்காக இல்லையா?” என்றார். கோபம் போலத்தான் ஆரம்பித்தார், முடிக்கும்போது குரல் கரைந்துவிட்டது. “இறங்குங்க. நீங்களும் கூட வாங்க.”

இருவரும் ஆளுக்கொரு பக்கம் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு சாலையைத் தாண்டினார்கள். பத்தொன்பது வருஷத்தில் பெரிய மாப்பிள்ளை அந்தக் கடைப் படியை மிதித்தது அன்றுதான். இரண்டு பேரும் சேர்ந்து வருவதைப் பார்த்ததும் சின்ன மாப்பிள்ளையின் முகம் விழுந்துவிட்டது. மல்லன் வாங்கிய சேதியைச் சொல்லிவிட்டுப் போக வருகிறார்கள் என்று நினைத்துக்கொண்டான்.

“வாங்க மாமா. வாங்கண்ணா,” என்றான்.

“வண்டியைப் பத்திச் சொல்லுப்பா,” என்றார் மாமனார்.

அவனுக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று. புரிந்ததும் பதற்றத்தில் மனப்பாடம் செய்ததையெல்லாம் கொட்டினான். “இதோட பட்டை வேற எஃகு மாமா. பாரம் தாங்கறதுல, குலுங்காம போறதுல எதிர்க் கடை மல்லன் இதுகிட்ட நெருங்கவே முடியாது. அது வெறும்...” பக்கத்தில் நிற்பது யார் என்று அப்போதுதான் நினைவு வந்தது. எருமை என்கிற சொல் பாதியில் நின்றது. காது சிவந்து போயிற்று.

மாமனார் மெதுவாகத் திரும்பினார். “அப்படியா மாப்பிள்ளை?”

பெரிய மாப்பிள்ளை வண்டியைச் சுற்றி ஒரு நடை வந்தார். டயரை அழுத்திப் பார்த்தார், பின்தட்டைத் தட்டிப் பார்த்தார். எதிர்க் கடை வாசலில் அவருடைய ஆட்கள் ஐந்து பேரும் வரிசையாக நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“ஆமா மாமா,” என்றார், அவர்களுக்கும் கேட்கும்படி. “நம்ம தம்பி சொல்றது நிஜம். அந்த வண்டியை விட இது நல்ல வண்டி.”

சின்னவன் வாயைப் பிளந்தபடி நின்றான். மாமனார் பேனாவை வாங்கினார்.

“எழுதுப்பா,” என்றார். “வேலையும் உனக்கு, கணக்குல பேரும் உனக்கு. ஆனா நாளைக்கு யாராவது என்கிட்ட வந்து, இந்த வண்டியை உங்களுக்கு யாரு வித்தாங்கன்னு கேட்டா, என் பெரிய மாப்பிள்ளைன்னுதான் சொல்வேன்.”