ஓட்டையில் ஒரு மூஞ்சி

உத்திரமேரூர் வட்டத்தில் இதுவரை பிறந்தவர்களில் இணையத்தை முழுசாகக் கரைத்துக் குடித்தவன் ஸ்ரீகாந்த் ஒருவன்தான். இனிமேல் பிறக்கப் போகிறவர்கள், மீதி இருந்தால் குடித்துக்கொள்ளலாம். இதைச் சொன்னவன் ஸ்ரீகாந்த். சொல்லும்போது அவன் சிரிக்கவில்லை.

ஆதாரம் வைத்திருந்தான். ஏனாத்தூரில் கல்லூரி இரண்டாம் வருடம் படித்துக்கொண்டே ‘ஏரிக்கரை எக்ஸ்பிரஸ்’ என்று ஒரு மீம்ஸ் பக்கம் நடத்தினான். சாலவாக்கம் பக்கத்தில் போன் வைத்திருந்த அத்தனை பேரும் அதைப் பார்த்தார்கள். அட்மின் யாரென்று ஒருவருக்கும் தெரியாது. அவனுடைய அப்பா இருசப்பனே, தன்னைக் கிண்டலடித்த மீமை மகனிடம் காட்டி, “எவனோ செமையா ஓட்டிக்கீறான்டா” என்று சிரித்தவர்.

அப்பேர்ப்பட்டவனைத்தான் சாலவாக்கம் பள்ளிக்கூடத்தில் இணையப் பாதுகாப்பு பற்றிப் பேசக் கூப்பிட்டார்கள். பாஸ்வேர்டை யாரிடமும் சொல்லாதே, தெரியாத லிங்கைத் தொடாதே என்று பேசினான். பிள்ளைகள் கொட்டாவியோடு கைதட்டினார்கள். பிறகு ப்ளஸ் ஒன் படிக்கிற ஷாரோன் எழுந்து, தங்கள் வகுப்பு செய்த ஒன்றைக் காட்டினாள். ஸ்ரீகாந்துக்கு அடுத்த தெருப் பெண்.

யார் வீட்டுக் காதுகுத்துக்கோ வைத்த பழைய ஃப்ளெக்ஸ் பேனர் அது. திருப்பிக் கட்டி, வெள்ளைப் பக்கத்தின் நடுவில் முகம் நுழைகிற அளவுக்கு ஓட்டை போட்டிருந்தார்கள். ஓட்டைக்குக் கீழே, பேனர் வைத்தவர் பேர் போடுகிற இடத்தில், பெரிதாக ‘இவண்’.

“நெட்டுல இன்னா போடணும்னு தோணுதோ அத்த பேப்பர்ல எழுதி மேல ஒட்டணும். சாப்பாட்டு பெல்லு முடியிற வரிக்கும் மூஞ்சிய ஓட்டையில வெச்சிக்கினு நிக்கணும். அப்பவும் போடணும்னு தோணிச்சின்னா போட்டுக்கலாம்.”

“இதுவரிக்கும் இன்னா போட்டீங்க?”

“பொறந்த நாள் வாழ்த்து மட்டுந்தாண்ணா.”

ஸ்ரீகாந்துக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “ஏம்மா, மூஞ்சியக் காட்டாம பேசறதுக்குத்தான் இன்டர்நெட்டே கீது. காட்டிட்டா அது கட்சி பேனரு.” ஷாரோன் முகத்தை வைத்துச் செய்துகாட்டியதைப் போனில் எடுத்தான். பஸ் வருவதற்குள் எக்ஸ்பிரஸில் ஏற்றியும் விட்டான்: ‘இணையப் பாதுகாப்பு: தலையை ஓட்டைக்குள் விடவும். கழுத்து பத்திரம்.’

பிய்த்துக்கொண்டு ஓடியது. மறுநாள் கமெண்டுகள் வேறு மாதிரி வந்தன. ஒருவன் அவள் நிறத்தைப் பற்றி, இன்னொருவன் அவள் தெருவைப் பற்றி. ஒருத்தனுக்கும் சொந்தப் பேர் இல்லை, முகம் இருக்கிற இடத்தில் ரோஜாப்பூ. ஸ்ரீகாந்த் நாலைந்தை அழித்தான்; அழித்ததைவிட அதிகமாக முளைத்தன. பதிவையே தூக்கினான். அதற்குள் அது ஊர் வாட்ஸப் குழுக்களுக்குக் குடிபோயிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஷாரோன் அவன் வீட்டுக்கே வந்தாள். கூட அவள் அம்மா மார்த்தாள்.

“அண்ணா, நீதான் நெட்டுல பெரிய ஆளாச்சே. அந்த எக்ஸ்பிரஸ் அட்மின் யாருன்னு கண்டுபுடிச்சிக் குடுண்ணா.”

குடித்துக்கொண்டிருந்த டீ ஸ்ரீகாந்துக்குப் புரை ஏறியது. “கண்டுபுடிச்சி இன்னா பண்ணப் போற? போலீஸா?”

“அதெல்லாம் இல்ல. அம்மா என்ன இஸ்கோலுக்கு அனுப்ப மாட்டேங்குது.”

“எப்டி அனுப்பறது?” என்றாள் மார்த்தாள். “எவன்னே தெரியலியே. பஸ்ஸுல ஒருத்தன் சிரிச்சா இவனோன்னு கீது. மளிகைக்கடை கார்த்திக் போனப் பாத்துக்கினு இருந்தா அவனோன்னு கீது. ஆளு தெரிஞ்சா அவன் ஒருத்தனுக்குப் பயந்துக்கினு போலாம். தெரியாததால ஊருக்கே பயப்பட வேண்டிகீது.” போகும்போது, “உன்னாட்டம் நாலு புள்ளைங்க இருந்தாப் போதும்பா” என்று வேறு சொல்லிவிட்டுப் போனாள்.

தேடிப் பார்ப்பதாக ஸ்ரீகாந்த் சொல்லியிருந்தான். தேடலுக்கு ரொம்பத் தூரம் போக வேண்டியிருக்கவில்லை.

எக்ஸ்பிரஸில் ஒரு மன்னிப்பு தட்டினான்: ‘வருந்துகிறோம். இப்படிக்கு, நிர்வாகம்.’ மார்த்தாள் கண்ணால் அதைப் படித்துப் பார்த்தான். நிர்வாகம் கார்த்திக்காக இருக்கலாம். பஸ் கண்டக்டராகவும் இருக்கலாம். அழித்தான்.

திங்கட்கிழமை காலையில் மார்த்தாள் வீட்டு வாசலில் நின்றான். “ஆளு கெடச்சிட்டான் சின்னம்மா. சாப்பாட்டு பெல்லுக்கு இஸ்கோலாண்ட வாங்க. ஷாரோனையும் இட்டாங்க.”

அவர்கள் வந்தபோது பேனரைச் சுற்றிப் பள்ளிக்கூடமே நின்றது. ஓட்டை பிள்ளைகள் அளவுக்கு வெட்டியது. ஸ்ரீகாந்தின் காது இரண்டும் மடங்கிச் சிவந்திருந்தன. மேலே ஒட்டியிருந்த பேப்பரில் அவன் கையெழுத்து: ‘ஏரிக்கரை எக்ஸ்பிரஸ் என்னுடையது. ஷாரோனைக் கேட்காமல் அவள் வீடியோவைப் போட்டவன் நான். வேறு யாரும் இல்லை. ஸ்ரீகாந்த், த/பெ. இருசப்பன்.’

மார்த்தாள் இரண்டு தடவை படித்தாள்.

“நீயா?”

“நான்தான் சின்னம்மா.”

“செருப்பாலயே அடிக்கணும்.”

“சரி சின்னம்மா.”

“இரு, உங்கம்மாகிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு வந்து அடிக்கறேன்.”

ஷாரோன் பேனருக்குப் பக்கத்தில் வந்தாள். “மிஸ்ஸு போன வாங்கியாந்து போட்டோ எடுக்கட்டுமாண்ணா? எடுத்தா எல்லா குரூப்லயும் போடலாமா?”

ஒரு நொடி யோசித்தான். அவளை அவன் இப்படிக் கேட்டதில்லை. “போடு,” என்றான். “எக்ஸ்பிரஸ்லயும் நானே போடறேன்.”

மார்த்தாள் கூட்டத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். வாரம் முழுக்க யாரையும் அவள் அப்படி நிமிர்ந்து பார்த்திருக்கவில்லை. தோளில் தொங்கிய புத்தகப் பையை எடுத்து மகளிடம் நீட்டினாள். “போட்டோவ எடுத்துட்டு கிளாஸுக்குப் போ. சாயங்காலம் பஸ்ஸுலயே வந்துரு, நான் வர மாட்டேன். நடவு கீது.”

சாப்பாட்டு நேரம் முடிய இன்னும் கொஞ்சம் இருந்தது. பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கிட்டே வந்து படித்துவிட்டுப் போனார்கள். ஸ்ரீகாந்த் மூஞ்சியை எடுக்கவில்லை.