எட்டாவது குலை

தராசுத் தட்டில் சம்மணமிட்டு உட்கார்ந்தபோது என் நெஞ்சு அடித்த அடியில் சங்கிலியே குலுங்கும் என்று தோன்றியது. எதிர்த்தட்டு காலியாக மேலே நின்றது. அதற்குக் கீழே வரிசையாக ஏழு கதலி வாழைக் குலைகள். எல்லாம் பாட்டா நட்டு, நனைத்து, முட்டுக் கொடுத்து வளர்த்தவை. குலை தள்ளியதைக் கண்குளிரப் பார்த்தவர், வெட்டுகிற நாளைப் பார்க்காமல் போய்விட்டார். அன்றைக்கு அவர் போய் ஐம்பதாம் நாள். வருஷம் திரும்பாமல் கோயில் காரியம் செய்யலாமா என்று சொந்தத்தில் இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். குலை ஒரு வருஷம் காத்திருக்குமா என்று ஆச்சி கேட்டாள். அத்தோடு பேச்சு முடிந்தது. வெள்ளாயணிக் காயலோரத்துச் சாஸ்தா கோயில் முற்றத்தில் எங்கள் ஆட்கள் முப்பது பேராவது இருந்தார்கள். எல்லாரும் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தட்டு எப்போது எழும்பும் என்று பரபரத்துக்கொண்டிருந்தார்கள்.

இருபத்துமூன்று வருஷத்து வேண்டுதல் அது. எட்டாம் மாதமே பிறந்து, ஒன்றரைக் கிலோவாகக் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தேனாம் நான். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபடியே பாட்டா சாஸ்தாவிடம் பேரம் பேசிவிட்டார்: பிள்ளை பிழைத்தால், என் கையால் விளைந்த கதலியை அவள் எடைக்கு எடை தருகிறேன். பிழைத்தேன். ஆனால் அவர் அப்போது வாழை வைத்திருந்தது குத்தகை நிலத்தில். அடுத்தவன் மண்ணில் விளைந்ததை எப்படி என்னுடையது என்று சாமியிடம் சொல்வது என்பது அவர் வாதம். பூசாரியே பரவாயில்லை என்று சொல்லியும் கேட்கவில்லை. பன்னிரண்டு சென்ட் சொந்த நிலம் அமைந்ததே போன வருஷம்தான். அதற்குள் ஒன்றரைக் கிலோ எங்கேயோ போய்விட்டது.

பாட்டா பேர் தாணுமாலையன் என்றால் வெள்ளாயணியில் எல்லாருக்கும் தெரியும். சுசீந்திரம் பக்கத்திலிருந்து கல்யாணமான புதிதில் ஆச்சியோடு வந்து சேர்ந்தவர். விடியும் முன்னே காயலில் முழுக்கு, ஈர வேட்டியோடு கோயில், அங்கிருந்து நேரே தோட்டம். கோயிலுக்கு வெளியே செருப்பைக் கழற்றுவது போலவே வரப்பிலும் கழற்றிவிட்டுத்தான் இறங்குவார். மழை தவறினால் சன்னதி நடையில் நின்று சாஸ்தாவை நாலு வார்த்தை கேட்டுவிடுவார். மறுநாள் ஒரு சீப்புப் பழத்தோடு போய் மன்னிப்பும் கேட்பார். சாமியிடம் சண்டை போட்ட மனுஷர் ஆச்சியிடம் போட்டதில்லை. 'ஆவுடே, வெட்டட்டுமா?' என்று கேட்டு, அவள் தலையாட்டிய பிறகுதான் எந்தக் குலையிலும் கத்தி வைப்பார்.

இன்னொன்றும் உண்டு. குலையைக் கண்ணால் பார்த்தே எடை சொல்வார். கால் கிலோ பிசகாது. சந்தையில் தராசு சும்மா கிடக்க, வியாபாரிகள் அவர் வாயைப் பார்ப்பார்கள். அப்பேர்ப்பட்டவரிடம் எடையில் பொய் சொன்ன ஒரே முட்டாள் நான்.

கன்று நடுகிற சமயத்தில் போனில் கேட்டார். "சாமி காரியம் மக்ளே. சரியாச் சொல்லணும். இப்போ எத்தர கிலோ இருக்கே?" பக்கத்தில் அம்மா எனக்கு வரன் தேடும் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள். எடை என்ற இடத்தில் அவளாகவே ஐம்பத்திரண்டு போட்டிருந்தாள். நானும் அதையே சொல்லித் தொலைத்தேன். உண்மை அறுபது. அப்புறம் அவர் மாதாமாதம் கேட்டார், நானும் மாதாமாதம் ஐம்பத்திரண்டிலேயே நின்றேன். ஏழு குலை போதும் என்று பாட்டா கணக்குப் போட்டிருந்ததாக லிங்கராஜ் மாமா சொன்னார். ஒரு பழம்கூடக் கடையில் வாங்கிச் சேர்க்கக் கூடாது என்று ஆச்சி முன்னமே கறாராகச் சொல்லிவிட்டாள். எடை குறைந்தால் பாட்டாவின் வாக்குப் பொய்யாகும். அது என்னால் ஆகும்.

தராசுக்காரர் சேஷன் ஒவ்வொரு குலையாக ஏற்றினார். ஐந்து. ஆறு. கூட்டம் நெருங்கி வந்தது. ஏழாவதை வைத்தபோது என் தட்டு லேசாக நடுங்கிவிட்டு, தரையிலேயே உட்கார்ந்துகொண்டது. ஓ என்று தொடங்கிய சத்தம் பாதியில் நின்றது. கடைக்கு ஓடட்டுமா என்று மாமா கேட்டார். ஆச்சி வேண்டாம் என்று கையைக் காட்டினாள். யாரோ ஒருவர், இந்த வருஷம் வெயில் அதிகம், குலை சரியாகத் திரளவில்லை என்றார். இன்னொருவர், வயசான காலத்தில் அவருக்குப் பழைய கவனம் இருந்திருக்காது என்றார். அதை மட்டும் என்னால் பொறுக்க முடியவில்லை.

"குலையில குத்தமில்ல. நான்தான் பொய் சொன்னேன். அம்பத்திரண்டு இல்ல, அறுபது."

அம்மா தலையில் கைவைத்தாள். ஆச்சி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மாமா பக்கம் திரும்பினாள்.

"லிங்கராஜு, ஆட்டோவுக்குப் பின்னால சாக்குப் போட்டு மூடி ஒரு குலை கெடக்கு. எடுத்துட்டு வா."

அப்போதுதான் ஆச்சி விஷயத்தை உடைத்தாள். பொங்கலுக்கு வந்திருந்தபோது வாய்க்கால் மேல் போட்ட தென்னந்தடியில் நான் நடந்து போயிருக்கிறேன். பின்னால் நின்று பார்த்த பாட்டா ஆச்சியிடம், இது அறுபது என்றாராம். அன்றைக்கே எட்டாவதாக ஒரு வாழையைக் குறித்தும் வைத்துவிட்டாராம்.

"அவ வாயால சொன்னா மட்டும் ஏத்துன்னாரு. இல்லேன்னா அந்தக் குலை வீட்டுக்கே திரும்பட்டும், சாமி முன்னால பொய்ய வச்சு எடை போடாண்டாம்னு சொன்னாரு" என்றாள் ஆச்சி.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. கூட்டமோ சிரித்தே விட்டது. மாமா குலையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்தார். சேஷன் அதை வைத்ததுதான் தாமதம், என் தட்டு தரையை விட்டு எழுந்தது. பெண்கள் போட்ட குரவைச் சத்தம் காதைத் துளைத்தது. தட்டு நிற்கவில்லை. நேர்மட்டம் தாண்டி, பழத்தட்டுக்கு ஒரு சாண் மேலே போய் ஆடியது. பயத்தில் ஒரு வாரமாக வெள்ளரிக்காய் மட்டும் தின்று நான் இளைத்திருந்தேன்.

பழம் கொஞ்சம் கூடிவிட்டது, கூடினால் தோஷமில்லை என்றார் சேஷன்.

"அவரு கண்ணு தப்பாது" என்றபடி ஆச்சி முன்னால் வந்தாள். என் தட்டின் விளிம்பில் உள்ளங்கையை வைத்து மெல்ல அழுத்தினாள். தட்டு இறங்கி, குலைகளுக்குச் சரிமட்டமாக நின்றது. சேஷன் நடைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு மணியை அடித்தார். மணி ஓய்ந்த பிறகும் ஆச்சி கையை எடுக்கவில்லை.